விதையோடு குறிப்பும் அனுப்பிய ஹூக்கர்

ஊட்டி, கொடைக்கானல் மலைகளின் உச்சியில், சோலைக்காடு முடிந்து புல்வெளி தொடங்கும் இடத்தில், முறுக்கிய தண்டும் தடித்த இலையும் கொத்துக் கொத்தாகச் சிவப்புப் பூவுமாக ஒரு மரம் நிற்கும். காட்டுப் பூவரசு என்பார்கள். பெயர்தான் பூவரசு, பூவரசுக்கும் அதற்கும் எந்த உறவும் இல்லை. ரோடோடென்ட்ரான் என்ற பெரிய இனத்தைச் சேர்ந்தது அது. இலங்கையில் நுவரெலியா பக்கத்து மலைகளிலும் அதன் உடன்பிறப்பு உண்டு. ஆனால் இந்த இனத்தின் பெருங்கூட்டம் இருப்பது இமயமலையின் கிழக்குப் பகுதியில். சிக்கிமில் 7,000 அடியிலிருந்து பனிக்கோடு வரை, முழங்கால் உயரப் புதராகவும் 40 அடி மரமாகவும் விதவிதமாக வளர்கிறது.

அதே சிக்கிம் மரங்கள் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வால் கடற்கரைத் தோட்டங்களிலும், ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையிலும் நூறு ஆண்டுகளுக்கு மேலாக நிற்கின்றன. சில தோட்டங்களிலிருந்து கடல் ஓரிரு மைல்தான். பத்தாயிரம் அடி உயரத்தில் பனிமூட்டத்தில் வளர்ந்த செடிக்குக் கடல் மட்டத்தில் என்ன வேலை என்று தோன்றும். அந்தக் கேள்விக்குப் பதில் தெரிய, அவற்றின் விதையைக் கொண்டுவந்த ஜோசப் டால்டன் ஹூக்கரின் வாழ்க்கையைப் பார்க்க வேண்டும்.

ஹூக்கர் பிறந்தது 1817 ஜூன் 30, இங்கிலாந்தின் சஃபோக் மாவட்டத்தில். தந்தை வில்லியம் ஹூக்கர், கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியர். ஏழு வயதிலேயே தந்தையின் வகுப்பில் பின்வரிசையில் உட்கார்ந்து பாடம் கேட்ட பையன். படித்துப் பட்டம் வாங்கியது மருத்துவத்தில். அந்தக் காலத்தில் செடி தேடி உலகம் சுற்ற வேண்டுமானால் கப்பல் மருத்துவராகப் போவதுதான் சுலபமான வழி. 1839-ல் 22 வயதில், எரிபஸ் என்ற கப்பலில் உதவி மருத்துவராகத் தென்துருவப் பயணம் கிளம்பினார். நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் வீடு திரும்பினார்.

அந்தப் பயணத்தில் பனிப்பாறைகளை மட்டும் அவர் பார்க்கவில்லை. நியூசிலாந்து, டாஸ்மேனியா, ஃபாக்லாந்து, தென் அமெரிக்காவின் தென்முனைத் தீவுகள் எல்லாவற்றிலும் இறங்கிச் செடி சேகரித்தார். அங்கே நிலவும் தட்பவெப்பம் விசித்திரமானது. சுற்றிலும் கடல் இருப்பதால் கோடை கடுமையாகச் சுடாது, குளிர்காலம் உறையவைக்காது. ஆண்டு முழுவதும் ஈரம். அதனால் இலை உதிர்க்காத பூச்செடிகள் கடல் விளிம்பு வரை இறங்கி வந்து வளர்ந்தன. ஒரு செடிக்கு உயரமும் அட்சரேகையும் கணக்கல்ல, அதன் வேரும் இலையும் உணர்கிற குளுமையும் ஈரமும்தான் கணக்கு என்பதை இளம் வயதிலேயே நேரில் பார்த்துவிட்டார். பின்னாளில் அவர் இமயமலையில் எடுத்த குறிப்புகளில் இந்தப் பழக்கம் தெளிவாகத் தெரியும்.

சிக்கிம் மலைகளில்

1848 ஏப்ரலில் ஹூக்கர் டார்ஜிலிங் வந்து சேர்ந்தார். அங்கே நேபாளத்தில் ஆங்கிலேயப் பிரதிநிதியாக இருந்து ஓய்வு பெற்ற ஹாட்ஜ்சன் தன் வீட்டில் இடம் கொடுத்தார். டார்ஜிலிங்கை நிர்வகித்தவர் கேம்பல் என்ற மருத்துவர். பக்கத்துச் சிக்கிமுக்குள் நுழைய அந்நாட்டு அரசர் அனுமதி தரத் தயங்கினார். அதுவரை ஹூக்கர் டார்ஜிலிங்கைச் சுற்றியுள்ள காடுகளில் தேடினார்.

அங்கேதான் ஓக் மரங்களின் கிளைமேல் ஒட்டி வளர்கிற ஒரு ரோடோடென்ட்ரானைக் கண்டார். அல்லிப்பூ அளவு வெள்ளைப் பூ, எலுமிச்சை வாசனை. அப்போதைய கவர்னர் ஜெனரலின் மனைவி பெயரால் அதற்கு டல்ஹவுசி என்று பெயரிட்டார். இன்னும் மேலே ஏறினால், அடியில் துரு நிறத்தில் வெல்வெட் போன்ற ரோமம் படிந்த பெரிய இலைகளுடன் ஃபால்கனர் இனம். இரத்தச் சிவப்பில் மெழுகு போலப் பூக்கும் தாம்சன் இனம். பெரிய வெள்ளைப் பூவுடன் கிரிஃபித் இனம். எல்லாம் வெள்ளைக்கார நண்பர்கள், அதிகாரிகள் பெயர்கள். அந்தச் செடிகளை அவருக்குக் காட்டிக்கொடுத்த, மரத்தில் ஏறிப் பறித்த, சுமை தூக்கிய லெப்சா மக்களின் பெயரில் இப்படி ஒன்று வைக்கத் தோன்றவில்லை. அவர்களுடைய காட்டறிவையும் நல்ல குணத்தையும் அவர் தன் நூலில் நிறையவே புகழ்ந்திருக்கிறார் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

1848 அக்டோபர் கடைசியில் 56 பேர் கொண்ட கூட்டத்தோடு கிழக்கு நேபாளத்துக்குள் நடந்தார். அடுத்த ஆண்டு மே மாதம் சிக்கிமுக்குள் போய், மழைக்காலம் முழுவதும் மலையிலேயே இருந்து, 18,000 அடிக்கு மேல் உள்ள டோங்கியா கணவாய் வரை ஏறினார். ரோடோடென்ட்ரான் புதர் என்றால் நம் ஊர் பூங்காப் புதர் போல நினைக்கக் கூடாது. பின்னிப் பிணைந்த கட்டையான கிளைகள். உள்ளே கால் வைத்தால் முழங்காலுக்குக் கீழ் தோல் உரியும். அந்தப் பூக்களால் உலகப் புகழ் பெற்ற மனிதருக்கே, காலில் பட்ட காயத்தில் அவற்றைப் பார்த்தாலே சலிப்பு வந்த நாட்களும் இருந்தன.

மலை மக்கள் அந்த மரத்தை எப்படிப் பயன்படுத்தினார்கள் என்பதையும் அவர் எழுதி வைத்தார். ஹாட்ஜ்சன் இனத்தின் கட்டையில் கிண்ணம், அகப்பை, யாக் மாட்டுக்குச் சேணம் செய்தார்கள். அதன் அகன்ற இலை தட்டாகவும், வெண்ணெய் பொதிந்து வைக்கவும் உதவியது. சில இனங்களின் இலையைத் தின்றால் ஆடுகள் சாகும்; பூத்திருக்கும் காலத்தில் எடுக்கும் தேன் மயக்கம் தரும். இதெல்லாம் மேய்ப்பவர்களிடம் கேட்டு எழுதியது.

செடி சேகரித்தவர்கள் அவருக்கு முன்பும் பலர் உண்டு. ஹூக்கர் கூடுதலாகச் செய்தது அளவெடுப்பு. போகிற இடமெல்லாம் வெப்பமானியும் காற்றழுத்தமானியும் கூடவே போயின. தண்ணீர் எந்த வெப்பத்தில் கொதிக்கிறது என்று பார்த்து உயரம் கணித்தார். மண்ணில் ஆழமாகக் குழி போட்டு வெப்பமானியை இறக்கி, வேர் இருக்கும் ஆழத்தில் மண் எவ்வளவு குளிர்ச்சி என்று குறித்தார். எந்த இனம் எத்தனை அடியில் தொடங்கி எத்தனை அடியில் முடிகிறது, காட்டு நிழலிலா, திறந்த சரிவிலா, பாறை மேல் பாசியிலா, எல்லாம் ஏட்டில் ஏறியது. அந்த ஏடு இல்லாமல் விதை மட்டும் போயிருந்தால், நடுகிறவர் எங்கே நடுவது என்று குருட்டாம்போக்கில்தான் நட்டிருப்பார். இந்தியாவிலிருந்து வந்த செடி என்றாலே வெப்பம் வேண்டும் என்று கண்ணாடி வீட்டில் புழுக்கத்தில் வைத்துக் கொல்வது அப்போது இங்கிலாந்தில் சாதாரணமாக நடந்த காரியம்.

ஆறு வாரச் சிறை

1849 நவம்பரில் திபெத் எல்லையில் உள்ள சோலா கணவாய்க்குப் போய்த் திரும்பும்போது, சிக்கிம் திவானின் ஆட்கள் ஹூக்கரையும் கேம்பலையும் பிடித்தார்கள். சண்டை கேம்பலின் அரசியல் நெருக்கடியால் வந்தது. அடியும் சித்திரவதையும் அவருக்குத்தான். ஹூக்கரை யாரும் துன்புறுத்தவில்லை. நண்பரை விட்டுப் போக மறுத்து அவரும் கூடவே இருந்தார். சுமார் ஆறு வாரம் கழித்து, கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் இருவரும் டார்ஜிலிங் திரும்பினர்.

அதற்கான விலையைக் கொடுத்தது சிக்கிம். ஆங்கிலேய அரசு அந்தச் சின்ன நாட்டின் தென்பகுதியை இணைத்துக்கொண்டது. அரசருக்குக் கொடுத்து வந்த ஆண்டுத் தொகையையும் நிறுத்தியது. ஹூக்கர் வரைந்த சிக்கிம் வரைபடம் பின்னால் ஆங்கிலேயருக்கு மிகவும் பயன்பட்டது. பூச்செடிக் கதைக்குள் இதுவும் சேர்ந்தே இருக்கிறது.

அவர் மலையில் இருக்கும்போதே, அனுப்பிய படங்களையும் குறிப்புகளையும் வைத்துத் தந்தை லண்டனில் சிக்கிம் ரோடோடென்ட்ரான்கள் பற்றிய நூலின் முதல் பகுதியை 1849-ல் வெளியிட்டுவிட்டார். ஃபிட்ச் என்ற ஓவியர் அச்சுக்கு வரைந்த வண்ணப் படங்களைப் பார்த்த நிலப்பிரபுக்களுக்குத் தூக்கம் போனது. தந்தை அப்போது கியூ தாவரவியல் தோட்டத்தின் இயக்குநர். அங்கே வந்த விதைகள் பல தோட்டங்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கப்பட்டன. கார்ன்வாலில் கார்க்ளூ தோட்டத்தின் சர் சார்லஸ் லெமன் முதலில் பெற்றவர்களில் ஒருவர். ஹெலிகன், பெஞ்செரிக் தோட்டங்களிலும், ஸ்காட்லாந்தின் ஸ்டோன்ஃபீல்டிலும் அந்த மரங்கள் வேர் பிடித்தன.

கடலோரம் ஏன் ஒத்துக்கொண்டது

கார்ன்வால் கரையில் ஜனவரியிலும் பகல் வெப்பம் 8, 9 டிகிரி செல்சியஸ் இருக்கும். ஜூலையில் 20 டிகிரியை ஒட்டியே நிற்கும். அட்லாண்டிக் கடலின் வெதுவெதுப்பான நீரோட்டம்தான் காரணம். மழை ஆண்டுக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல், பன்னிரண்டு மாதமும் பரவலாக. உறைபனி அபூர்வம். மண் கிரானைட், பலகைக்கல் பாறையிலிருந்து வந்த அமில மண். சிக்கிமின் உயரமான காட்டில் மேகமும் தூறலும் செய்வதை இங்கே கடற்காற்று செய்கிறது. லண்டன் பக்கம் இருக்கும் கியூவில் மணற்பாங்கான, சீக்கிரம் காய்ந்துபோகும் மண். அங்கேயும் பள்ளத் தோட்டம் அமைத்து ஹூக்கரின் செடிகளை நட்டார்கள். ஆனால் ஃபால்கனர் போன்ற பேரிலை இனங்கள் முழு உருவம் எடுத்தது ஈரமான மேற்குக் கரையில்தான்.

கடலோரம் என்றதும் நம் நாகப்பட்டினம், தூத்துக்குடியை நினைத்து யாரும் கன்று வாங்கிவிட வேண்டாம். நம் கரையின் வெயிலில் ஒரு கோடைகூடத் தாங்காது. நமக்குக் கடலோரத்தில் பசுமை மாறாத பூச்செடி வேண்டுமென்றால் அரளி, இட்லிப்பூ, நந்தியாவட்டை இருக்கின்றன. நீலகிரி, பழனிமலை உயரங்களில் இருப்பவர்கள் கேட்க வேண்டிய பாடம் இது. தேயிலை நன்றாக வளரும் மண் இதற்கும் ஏற்றது. கார அமில நிலை 4.5-லிருந்து 6-க்குள் இருக்க வேண்டும். சுண்ணாம்பு கலந்தால் போச்சு: இலை நரம்பு பச்சையாக இருக்க, நடுவில் மஞ்சளடித்துச் செடி நலியும். இரும்புச் சத்து மண்ணில் இருந்தும் வேரால் எடுக்க முடியாத நிலை அது. புதிதாகச் சுண்ணாம்புக் காரை பூசிய சுவரின் அடியில் நட்டுவிட்டு, ஏன் மஞ்சளாகிறது என்று கேட்பவர்கள் எந்த நாட்டிலும் உண்டு.

வேர்தான் இந்தச் செடியின் ரகசியம். தலைமுடி போன்ற மெல்லிய வேர்கள் மேல் மண்ணிலேயே பாய் விரித்தது போலப் பரவும். காட்டில் அவை இருப்பது உதிர்ந்த இலை மட்கிலும் பாசியிலும். அதனால் ஆழக் குழி தோண்டிப் புதைக்கக் கூடாது. வேர்க்கட்டின் மேற்புறம் நிலமட்டத்தில் இருக்கும்படி மேலாக வைத்து, சுற்றிலும் இலைமட்கு, பட்டைத்தூள், பைன் ஊசியிலை என்று கனமாக மூடாக்கு போட வேண்டும். தண்டை ஒட்டிக் குவிக்கக் கூடாது. அடியில் களைக்கொத்து போடவே கூடாது. களையைக் கையால் பிடுங்குவதுதான் நல்லது. தண்ணீர் தேங்கினால் வேர் அழுகும். காய்ந்தாலும் அந்த மெல்லிய வேர் மீளாது.

கார்ன்வால் தோட்டக்காரர்கள் செடிக்கு முன்னால் வேலியைத்தான் வளர்த்தார்கள். உப்புக் காற்று நேராக அடித்தால் பேரிலைகள் கிழிந்து கருகிவிடும். கலிஃபோர்னியாவிலிருந்து வந்த மான்டெரி பைன், சைப்ரஸ், இலையுதிர்க்காத ஓக் ஆகியவற்றைக் கடல் பக்கம் வரிசையாக நட்டு, அவை எழும்பிய பிறகு, அவற்றின் மறைவில் சரிவான பள்ளங்களில் ரோடோடென்ட்ரானை வைத்தார்கள். சுவர் காற்றை மேலே தூக்கி அந்தப் பக்கம் சுழற்றிப் போடும். மரவரிசை காற்றை வடிகட்டி அனுப்பும். தென்னந்தோப்புக்குச் சவுக்கு வேலி போட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

விதையிலிருந்து வளர்ப்பதற்குப் பொறுமை நிறைய வேண்டும். விதை மூக்குப்பொடி போல அவ்வளவு நுண்மை. மண்ணால் மூடாமல், ஈரமான பாசி அல்லது மட்கின் மேல் தூவி, காற்று ஈரம் குறையாமல் வைத்தால் முளைக்கும். பேரிலை இனங்கள் பூக்கப் பதினைந்து, இருபது ஆண்டுகள்கூட ஆகும். 1850-ல் விதை வாங்கியவர்களில் முதல் பூவைப் பார்க்காமலே போனவர்கள் இருந்திருப்பார்கள். தாழ்ந்த கிளையை மண்ணில் படியவைத்துப் பதியன் போட்டால் தாய்ச்செடியின் குணம் மாறாமல் கன்று கிடைக்கும்; அதற்கும் ஓரிரு ஆண்டுகள் பிடிக்கும்.

குளிர் தாங்கும் இனத்தோடு ஹூக்கரின் செடிகளைக் கலப்பு செய்து புதிய வகைகளும் உருவாயின. பெஞ்செரிக் தோட்டத்தில் பிறந்து அதே பெயரைத் தாங்கிய மணமுள்ள வகையின் தாய் தந்தை இரண்டுமே சிக்கிம் இனங்கள்தான்.

ஒரு தொல்லையும் கூடவே வளர்ந்தது. இவற்றை ஒட்டுக்கட்ட வேர்ச்செடியாகப் பயன்பட்டது பான்டிகம் என்ற இனம். அது ஹூக்கருக்கு வெகு முன்பே, 1763-ல் இங்கிலாந்துக்கு வந்தது. ஒட்டுக்குக் கீழே கிளைத்த குருத்தைக் கிள்ளாமல் விட்ட தோட்டங்களில் மேலே உள்ள நல்ல செடி மடிந்து, வேர்ச்செடி புதராக எழுந்தது. ஒட்டு ரோஜாவில் நாம் பார்ப்பதுதான். பான்டிகம் தோட்டத்தைத் தாண்டி வேல்ஸ், அயர்லாந்து காடுகளில் நுழைந்து, நம் மலைகளில் உண்ணிச்செடி செய்த அதே வேலையைச் செய்தது. அடியில் எதுவும் முளைக்காது. ஆடு மாடும் தொடாது. இன்றுவரை கூலி கொடுத்து வெட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

கியூவின் இயக்குநர்

ஹூக்கர் 1851-ல் நாடு திரும்பினார். அதே ஆண்டு திருமணம். 1855-ல் கியூவில் துணை இயக்குநர். தந்தை இறந்ததும் 1865-ல் இயக்குநர். இருபது ஆண்டுகள் அந்தப் பொறுப்பில் இருந்தார். டார்வினின் மிக நெருங்கிய நண்பர். பரிணாமக் கருத்தை டார்வின் நம்பிச் சொன்ன முதல் சிலரில் ஒருவர். 1863-ல் ஆறு வயது மகள் மின்னி இறந்தபோது, ஒரு மணி நேரத்துக்குள் அவர் கடிதம் எழுதியது, தானும் மகளைப் பறிகொடுத்திருந்த டார்வினுக்குத்தான்.

அவர் காலத்தில் கியூவின் வழியே பயணம் செய்த பயிர்களில் நமக்கு நெருக்கமானது ரப்பர். 1876-ல் பிரேசிலிலிருந்து விக்ஹாம் கொண்டுவந்த சுமார் 70,000 விதைகளில் கியூவில் முளைத்தவை 2,700 அளவுதான். அதில் பெரும்பகுதியை இலங்கைக்கு அனுப்பினார்கள். ஆசியாவின் ரப்பர் தோட்டங்களின் தொடக்கம் அங்கேதான்.

1870-களின் தொடக்கத்தில் அயர்ட்டன் என்ற அமைச்சர் கியூவின் நிர்வாகத்தில் இயக்குநரைக் கேட்காமல் தலையிட்டு, பணியாளர் நியமனம் வரை கை வைத்தார். விவகாரம் நாடாளுமன்றம் வரை போயிற்று. ஹூக்கர் விட்டுக்கொடுக்கவில்லை, அறிவியலாளர்கள் அவர் பக்கம் நின்றார்கள், கடைசியில் பதவி மாறிப் போனவர் அமைச்சர்தான். துறைக்குள் வேலை செய்யும் அலுவலர்களுக்கு இந்தக் கதை பிடிக்கும்.

பிரிட்டிஷ் இந்தியாவின் தாவரங்களை விவரிக்கும் ஏழு பெரிய தொகுதிகளை 1872 முதல் 1897 வரை வெளியிட்டு முடித்தார். நம் காட்டுப் பூவரசுக்கும் அதில் இடம் உண்டு. முதுமையில் அவர் எடுத்துக்கொண்ட வேலை காசித்தும்பை இனங்களை வகைபிரிப்பது. காய்ந்தால் பூவின் உருவமே தெரியாமல் நசுங்கிப் போகும் அந்தச் சனியன் பிடித்த செடியை, தொண்ணூறு வயதைத் தாண்டியும் வெந்நீரில் ஊறவைத்துப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

1911 டிசம்பர் 10-ல் 94 வயதில் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் டார்வினுக்கு அருகில் அடக்கம் செய்ய அழைப்பு வந்தது. ஆனால் அவர் விருப்பப்படி கியூவில் தந்தையின் கல்லறைக்குப் பக்கத்தில் புதைத்தார்கள்.

முதல் உலகப் போருக்குப் பிறகு ஹெலிகன் தோட்டத்தைக் கவனிக்க ஆளில்லை. முட்புதர் மூடிப் பல பத்தாண்டுகள் கிடந்தது. 1990 வாக்கில் வெட்டித் திறந்தபோது ஹூக்கரின் காலத்து ரோடோடென்ட்ரான்கள் உள்ளே உயிரோடு நின்றன. இப்போது அவற்றுக்கு வேறு ஆபத்து. ஃபைட்டோப்தோரா ரமோரம் என்ற நோய் கார்ன்வாலில் பரவியிருக்கிறது. நம் உருளைக்கிழங்கில் கருகல், மிளகில் வாடல், தென்னையில் குருத்தழுகல் உண்டாக்குவதும் இதே குடும்பம். நோய் தங்கும் பான்டிகம் புதர்களை முதலில் அகற்றுகிறார்கள். பழைய மரங்களின் மொட்டிலிருந்து திசு வளர்ப்பு முறையில் கன்றெடுத்து வேறு இடங்களில் நட்டு வைக்கும் வேலையும் நடக்கிறது.